ஜெபிக்க வாய் வரவில்லை என்று எழுதிய சகோதரிக்கு

தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றி, அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் சிறியதாக ஒரு ஹார்டுவேர் கடை நடத்திவந்தவர். சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகை என்றால் முதல் நாள் இரவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார்க் கொப்பரை முன்னால் நிற்பவர். ஒரு டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வரும் ஆண்டுக்கான வேதவசனமாகக் குடும்பத்துக்கென்று சீட்டுப்போல் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற வசனம் வந்திருக்கிறது. மூன்று வாரத்தில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த வசனத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்துக் குடும்பமே பற்றிக்கொண்டது. சபைப் பெண்கள் நாற்பது நாள் உபவாச ஜெபம் ஏறெடுத்தார்கள். ஆகஸ்டில் அவர் மரித்தார். அடக்கம் முடிந்து வந்த அன்று, பதினெட்டு வயது மகன் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டான். அதற்குப் பிறகு அவன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

பதினோரு மாதங்கள் ஆகியும் இரவு ஒன்பது மணிக்கு எங்காவது ஷட்டர் இறக்கும் சத்தம் கேட்டால் அவர் வருவதாக நினைத்து எழுந்துவிடுகிறாராம் இந்தச் சகோதரி. "முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. வேதத்தைத் திறந்தால் கோபம் வருகிறது" என்று எழுதுகிறார். "உங்கள் விசுவாசம் போதவில்லை" என்றார்கள் சிலர். ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், "இந்த வீட்டில் செலுத்தாத பொருத்தனை ஒன்று இருக்கிறது, அதுதான் வாசலைத் திறந்துவிட்டது" என்று சொல்லி, இரண்டு லட்சம் ரூபாய் காணிக்கை கேட்டிருக்கிறார். கடைக் கடன் தீர்ந்தால் கோயில் மதிலுக்கு ஐம்பதாயிரம் தருவதாகக் கணவர் நேர்ந்துகொண்டு பொருத்தனை செய்திருந்தது உண்மை. கொடுப்பதற்குள் நோய் வந்துவிட்டது. மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, சபை மூப்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு இரண்டு வாரமாக நிறுத்திவிட்டார். அடுத்த மாதம் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. அதில் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். "நான் என்ன சாட்சி சொல்வேன்?" என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி: "விடியாமலே போனால் நன்றாயிருக்கும் என்று சில இரவுகளில் தோன்றுகிறது. இது பாவமா?"

அன்புச் சகோதரி,

நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். நேராகவே கேட்கிறேன். 'விடியாமலே போனால் நல்லது' என்ற நினைப்பு, 'நானே ஏதாவது செய்துகொள்ளலாம்' என்று எப்போதாவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் இதை இங்கேயே மூடிவைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் உங்கள் அக்காவை எழுப்பிச் சொல்லுங்கள். இரவு எந்நேரமானாலும் 14416 என்ற எண்ணில் பேசலாம். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. இப்படிப் பேசுவதால் மானம் போய்விடாது. இருபது வருடங்களுக்கு மேலாக இறப்பு நேர்ந்த வீடுகளில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான். இந்த நினைப்பை வாய்விட்டுச் சொன்னவர்களின் முகம் சொல்லி முடித்ததும் கொஞ்சம் தளர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பாவமா என்று கேட்டீர்கள். எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டார். இது முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கர்மேல் மலையில் அக்கினியை இறங்கப்பண்ணிய அதே எலியாதான். அவரை ஆண்டவர் கண்டிக்கவில்லை. 'உன் விசுவாசம் எங்கே' என்றும் கேட்கவில்லை. தூதன் வந்து தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் சாப்பாடுதான் வந்தது. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி, அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே வருகிறது. சாக விரும்பிய மனிதனுக்கு ஆண்டவர் முதலில் தந்தது உணவும் உறக்கமும். நீங்கள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுப் பல மாதங்களாகிறது என்று எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மாத்திரையை நிறுத்தியது பற்றி

நிறுத்திய பிறகு தலைசுற்றலும், உடம்பில் மின்சாரம் வெட்டியதுபோன்ற உணர்வும், விட்டுவிட்டு வரும் தூக்கமும் உண்டானதாகவும், அது ஆண்டவருடைய சிட்சை என்று பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கு இதே அறிகுறிகள் வருவதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அதனால்தான் அந்த மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்வார்கள். இதில் சிட்சை எதையும் தேடவேண்டாம். நீங்களாகவே பழைய அளவில் மறுபடி தொடங்கவும் வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் நாளைக்கே போய், நிறுத்திய தேதியையும் ஓரத்தில் எழுதிய அந்த வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"இரண்டு மாதம் சாப்பிட்டும் அழுகை நிற்கவில்லை" என்கிறீர்கள். மாத்திரையின் வேலை அழுகையை நிறுத்துவதன்று. தூக்கமும் பசியும் திரும்பினால், அழுவதற்கும் உடம்பில் தெம்பு இருக்கும். பதினோரு மாதமாக அழுவது நோயா என்றால், அழுவதை மட்டும் வைத்து யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆறு மாதத்தைத் தாண்டியும் ஏக்கம் சற்றும் தணியாமல், அன்றாட வேலைகளே நின்றுபோகும் நிலையை 'நீடித்த துக்கம்' என்ற தனிக் கோளாறாக உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அதற்கென்று பேச்சு வழியிலான சிகிச்சையும் உண்டு. உங்களுக்கு அது இருக்கிறதா என்று கடிதத்தைப் படித்து நான் முடிவு சொல்லக்கூடாது. நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்லட்டும்.

மூப்பருக்குப் பதில் சொல்லவேண்டும் என்றால், சாகும் தறுவாயில் வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவின் கதை போதும். "உன்னைக் குணமாக்குவேன்" என்று ஏசாயா மூலம் கர்த்தரே சொல்லியனுப்பினார். அதன் பிறகுதான் ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் கையிலிருந்து வந்தன. பவுலோடு கூடப்போன லூக்காவை வேதம் "பிரியமான வைத்தியன்" என்றே அழைக்கிறது.

அட்டையில் வந்த வசனம்

உங்கள் கடிதத்தில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். 'ஆண்டவர் எழுத்துமூலமாகக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார்' என்ற நினைப்பு உங்களுக்கு இருக்கிறது. சொல்லப் பயந்து, சுற்றிவளைத்து எழுதியிருக்கிறீர்கள்.

வசனத்தைச் சீட்டாக எடுக்கும் வழக்கம் பழையது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலிருந்த மொரேவிய சபையார் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1728 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சபைக்குக் கொடுத்துவந்தார்கள். 1731 முதல் அதை ஆண்டுதோறும் புத்தகமாகவே அச்சிட்டார்கள். அந்த வசனங்களைச் சீட்டுப்போட்டு எடுப்பார்கள். ஒருநாள் முழுவதும் மனத்தில் சுமந்து நடக்க ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அதன் நோக்கம். இன்னாருக்கு இந்த ஆண்டு இன்னது நடக்கும் என்று அறிவிப்பது அதன் வேலையாக இருக்கவில்லை. நம் சபைகளில் அதை ஜாதகக் குறிப்புபோல வாசிக்கப் பழகிவிட்டார்கள். பழகவிட்டதில் என்னைப்போல் சபைக்குள் ஆலோசனை சொல்கிறவர்களுக்கும் பங்கு உண்டு. அதற்காக உங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்.

இனி அந்த வசனத்தையே பாருங்கள். அது 118ஆம் சங்கீதத்தில் வருகிறது. 113 முதல் 118 வரையிலான சங்கீதங்களைப் பஸ்கா விருந்தில் பாடுவது யூதர் வழக்கம். கடைசிப் பந்தி முடிந்ததும், "அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்" என்று மத்தேயு எழுதுகிறார். அந்தப் பாட்டு இந்தச் சங்கீதங்களே என்பது வேத அறிஞர் பலர் ஏற்கும் கருத்து. அப்படியானால் "நான் சாவாமல், பிழைத்திருந்து" என்ற வரியை இயேசு பாடியது வியாழக்கிழமை இரவு. மறுநாள் பிற்பகல் சிலுவையில் ஜீவனை விட்டார். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த அதே வரி. இந்த வசனத்தைப் பாடிவிட்டு மரித்தவர்களில் உங்கள் கணவர் முதலாமவர் அல்லர்.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தருக்கு இது உயிரான வசனம். 1530இல் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது இதைச் சுவரிலேயே எழுதிவைத்திருந்தார் என்பார்கள். அங்கே இருக்கும்போதுதான் அவருடைய தகப்பனார் இறந்த செய்தி வந்தது. சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவர், மறுநாளும் தலை தெளியாத அளவுக்கு அழுதார் என்று கூட இருந்தவர் எழுதிவைத்திருக்கிறார். அறைக்குள் போகும்போதும் சங்கீதப் புத்தகத்தை அவர் வெளியே விட்டுவிட்டுப் போகவில்லை. கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

விசுவாசம் போதாமல்தான் இறந்தாரா?

இல்லை. கெத்செமனேயில் இயேசு, "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று மூன்று முறை ஜெபித்தார். நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்லத் துணிவார்களா? எத்தனையோ வியாதியஸ்தரைச் சுகமாக்கிய பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். ஏன் சுகமாகவில்லை என்று விளக்கம் சொல்லவும் இல்லை, துரோப்பீமுவைக் குறைகூறவும் இல்லை. குருடனாய்ப் பிறந்தவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு. உங்கள் வீட்டில் வந்து கணக்குப் பார்த்தவர்கள் அந்தச் சீஷர்களின் கேள்வியைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்து டோனாவூரை நீங்கள் அறிவீர்கள். அங்கே பிள்ளைகளைக் காத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது வருடங்கள் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். ஜெபிக்கவே தெரிந்த ஒரு கூட்டம் அவரைச் சுற்றி இருந்தது. உலகின் பல மூலைகளிலும் அவருக்காக ஜெபித்தார்கள். அவர் எழுந்து நடக்கவில்லை. எங்கள் பாட்டி டோனாவூர்ப் பக்கத்தவர். அந்த இருபது வருடத்தை யாருடைய விசுவாசக் குறைவாகவும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

கணையப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே வெளியே தெரிகிற நோய். வயிற்றுவலி என்று சோடா குடித்துக்கொண்டிருந்ததை முன்பே கவனித்திருக்கவேண்டும் என்று உங்களையே கடிந்துகொள்கிறீர்கள். அந்த உறுப்பு வயிற்றின் ஆழத்தில் இருக்கிறது. தொடக்கத்தில் அது காட்டும் அறிகுறிகள் சாதாரண அஜீரணம் போலவே இருக்கும். படித்த மருத்துவர்களுக்கே பிடிபடாமல் போவது உண்டு. அந்தப் பாரத்தை இறக்கிவையுங்கள்.

ஆண்டவரிடம் கோபித்துக்கொள்வது

என் தம்பி கிணற்றில் விழுந்து இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஒப்பாரி விசுவாசிகளுக்கு ஆகாது என்று சொல்லி வளர்ந்த வீடு எங்களுடையது. ஆகவே அம்மா கூடத்தில் அழவில்லை. வந்தவர்களிடம், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றாள். பின்னிரவில் மாட்டுத் தொழுவத்துக்குப் போய், வைக்கோல்போரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எதற்கு எடுத்தீர், எதற்கு எடுத்தீர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதை நான் கதவிடுக்கில் நின்று கேட்டேன். கூடத்தில் சொன்னதுதான் ஜெபம், தொழுவத்தில் சொன்னது பாவம் என்று அம்மா சாகும்வரை நம்பினாள். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே அந்த இரவினால்தான்.

அம்மாவுக்கு யாரும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையிடுதல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் கடைசிவரை விடியவே இல்லை. சிநேகிதர் தூரமாய்ப் போனதும் அறிமுகமானவர்கள் மறைந்துபோனதுமாக அப்படியே முடிந்துவிடுகிறது. 'ஆனாலும் நான் துதிப்பேன்' என்ற முடிப்பு அதில் இல்லை. அப்படிப்பட்ட பாட்டையும் வேதத்தை விட்டு எடுத்துப்போடாமல், தேவாலயத்தில் பாடும்படி இராகத்தலைவன் கையில் கொடுத்தார்கள். புலம்பல் என்று ஒரு புத்தகமே இருக்கிறது. எரேமியாவின் 9ஆம் அதிகாரத்திலோ, புலம்பற்காரிகளைக் கூப்பிடுங்கள், அவர்கள் வந்து நமக்காக ஒப்பாரி சொல்லட்டும் என்று சேனைகளின் கர்த்தரே ஆளனுப்பச் சொல்கிறார். அம்மாவின் வீட்டில் ஆகாது என்றதை ஆண்டவர் வாசலில் கேட்டு வாங்குகிறார்.

கணவனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டு ஊர் திரும்பிய நகோமி, பெத்லகேமில் பெண்கள் நடுவே நின்றுகொண்டு, "நீங்கள் என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்றாள். ஊரார் அவளைச் சபைநீக்கம் செய்யவில்லை. ஆண்டவரும் அவளைத் தள்ளவில்லை. லாசரு இறந்த நான்காம் நாள், மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து இயேசுவின் முகத்துக்கு நேரே ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." இது துதி அன்று, குற்றச்சாட்டு. மரியாள் அழுகிறதைக் கண்ட இயேசு கலங்கினார், கண்ணீர் விட்டார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர் அவர். 'அழாதே, இப்போது பார்' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு முன் அழுதார்.

வேதத்தைத் திறந்தால் கோபம் வருகிறது என்றீர்கள். கோபத்தோடே திறவுங்கள். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். மனத்துக்குள் வாசிக்காமல் வாய்விட்டு வாசியுங்கள். கடைசி இரண்டு வசனங்கள் தொண்டையில் சிக்கினால் நான்காவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் எங்கேயும் போய்விடாது. கொஞ்ச நாளில் அந்தச் சங்கீதத்தை உங்கள் வார்த்தையில் ஒரு நோட்டில் எழுதிப்பாருங்கள். அவர் பெயரை எழுதுங்கள், ஷட்டர் சத்தத்தை எழுதுங்கள், அசனப் பண்டிகையன்று கொப்பரைப் பக்கம் போகமுடியாமல் திரும்பி வந்ததை எழுதுங்கள். என்னிடம் வந்த ஒரு தாய் மூன்று மாதமாக ஒரே வரியைத்தான் எழுதினார்: "நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்." அதை ஜெபம் என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தையும் வராத நாளில் சும்மா உட்கார்ந்திருங்கள். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதிருக்கும்போது, ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். பெருமூச்சு வரும் அல்லவா? அது போதும்.

நம்பிக்கை எப்போது வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று நாம் பாடுகிற வரி, புலம்பல் புத்தகத்தின் நட்டநடுவில், 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு அதிகாரம் அழுகை தொடர்கிறது. எரேமியா அந்த வரியோடு புத்தகத்தை முடிக்கவில்லை. ஒரு காலையில் உங்களுக்கு மனம் இலேசாகிவிட்டு, மறுநாளே பழையபடி கனத்தால், பின்வாங்கிப் போய்விட்டதாகப் பயப்படவேண்டாம். அன்றைய காலைக்கு உரியதை அன்று பெற்றுக்கொண்டீர்கள்.

பொருத்தனைப் பணம்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்த ஊழியருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையைச் சொல்லித்தான் கேட்டிருப்பார். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்தக் கதைக்குச் சற்று முன்னால், நீண்ட ஜெபம் செய்து "விதவைகளின் வீடுகளைப் பட்சித்து" வருகிறவர்களுக்கு அதிக ஆக்கினை வரும் என்று இயேசு எச்சரிக்கிறார். அதையும் சேர்த்தே வாசியுங்கள். உங்கள் கணவர் மனதாரப் பொருந்தினார். செலுத்தக் காலம் கிடைக்கவில்லை. கடனுக்கு ஆளனுப்பி உயிரைப் பறிக்கிற தேவன் அல்லர் நாம் ஆராதிக்கிறவர்.

அவர் விரும்பியதை நிறைவேற்ற உங்களுக்கு ஆசை இருந்தால், பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கிய பிறகு, முடிந்ததை முடிந்த காலத்தில் உங்கள் சபைக்கே ரசீதோடு கொடுக்கலாம். அவர் நினைவாகக் கொடுங்கள், பயத்தில் கொடுக்கவேண்டாம். இன்னொன்று: உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த இரண்டு லட்சத்தில் மகள் பங்கும் மகன் பங்கும் இருக்கலாம். கடையை விற்பது உட்பட எந்தப் பெரிய முடிவையும், தூக்கம் சரியாகும்வரை தள்ளிவையுங்கள்.

மகனும் நினைவு ஆராதனையும்

மகனைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போக வழி கேட்டிருக்கிறீர்கள். அவன் அட்டையைக் கிழித்தது நம்பாததால் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வசனத்தை வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக அவன் நம்பியிருக்கவேண்டும். அவனிடம் சபையைப் பற்றிப் பேசாமல் அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். உங்களுக்கும் ஆண்டவரோடு சண்டை இருக்கிறது என்பதை அவன் அறியட்டும். அம்மா தன்னை நியாயந்தீர்க்கிறாள் என்று நினைத்து விலகி நிற்கிறானோ என்னவோ. இயேசு உயிர்த்தெழுந்த அன்று மாலை, சீஷனான தோமா மற்றவர்களோடு இல்லை. வந்த பிறகும், நம்பமாட்டேன் என்றே சொன்னான். எட்டு நாள் கழித்தும் அவன் அவர்கள் நடுவேதான் இருந்தான். யாரும் அவனை வெளியே அனுப்பவில்லை. உங்கள் வீட்டிலும் அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும்.

சாட்சி சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சபைப் போதகரான சேகரகுருவிடம் முன்கூட்டியே போய், "என்னால் முடியாது, சங்கீதம் மட்டும் வாசிக்கட்டும்" என்று கேளுங்கள். போகத் தெம்பில்லை என்றால் உங்கள் அக்கா போய்ச் சொல்லட்டும். யாராவது, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற வசனத்தைச் சொல்லி உங்கள் வாயை அடைக்கப் பார்க்கலாம். அது வருகிற அதே ரோமர் 8ஆம் அதிகாரத்தில், அதற்குச் சில வசனங்கள் முன்னால், சிருஷ்டி முழுவதும் தவித்துப் பிரசவ வேதனைப்படுகிறது என்று பவுல் எழுதியிருக்கிறார். நடந்ததெல்லாம் நல்லதென்று அவர் சொல்லவில்லை. உங்கள் கணவருடைய மரணத்தை நல்லது என்று சொல்லும்படி ஆண்டவர் உங்களைக் கேட்கவும் இல்லை. அன்று பேச ஆசையிருந்தால் அவர் சாம்பார் கொதிக்கவைத்த கதையைச் சொல்லுங்கள். பெருங்காயம் எப்போது போடுவார், பந்தியில் கடைசியாக யாரை உட்காரவைப்பார் என்று சொல்லுங்கள். அவரோடு கொப்பரை பிடித்த இளைஞர்கள் அந்த ஆராதனையில் இருப்பார்கள். அவர்களுக்கும் அழ ஓர் இடம் வேண்டும்.

நீங்கள் கேட்டபடி ஒரு ஜெபம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஒட்டாத வரியை அடித்துவிடுங்கள்.

ஆண்டவரே, உம்மோடு பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் வேறு யாரிடம் போவேன். அவர் இல்லாத வீடு எப்படியிருக்கிறது என்று நீர் வந்து பாரும். என் மகனின் கோபத்தையும் என் கோபத்தையும் நீரே தாங்கிக்கொள்ளும். என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும். இன்றிரவு எனக்குத் தூக்கம் தாரும். நாளைக் காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிற அளவுக்கு மட்டும் பெலன் தாரும். ஆமென்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு, என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள். நினைவு ஆராதனை முடியும்வரை, இரவு ஒன்பது மணிக்கு நான் எங்கே இருந்தாலும் 13ஆம் சங்கீதத்தை உங்கள் வீட்டுக்காக வாய்விட்டு வாசிப்பேன். அந்நேரத்தில் தெருவில் ஷட்டர் சத்தம் கேட்டால், இங்கே ஒருத்தி வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.